உங்கள் பெயர் எதற்காக நினைவுக்கு வர வேண்டும்? பர்சனல் பிராண்டை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ கேட்கிறார்: "சின்னக் கம்பெனிக்குக் கணக்கு வழக்கு பார்க்க நல்ல ஆள் யாராவது தெரியுமா?" பத்து நிமிடத்துக்குள் ஒருவர் ஒரு பெயரைப் போடுகிறார். "இவரைக் கேட்டுப் பாருங்க. சின்னக் கம்பெனிகளுக்குத்தான் பண்றார், நமக்குப் புரியுற மாதிரி சொல்வார்." அதே குழுவில் அதே தொழிலில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் திறமைசாலிகள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர்களுடைய பெயர் யார் வாயிலும் வரவில்லை.

பர்சனல் பிராண்ட் என்று எல்லோரும் பேசுகிற விஷயம் இந்தப் பத்து நிமிடத்தில்தான் வேலை செய்கிறது. நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். பேசுகிறவர் உங்களை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் மனதில் உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த வாக்கியத்தை உருவாக்கவும், அது உண்மையாக இருக்கவும், தேடி வருபவர் கண்ணில் படவும்தான்.

இந்தப் பேச்சு பரவலானது 1997-ல். டாம் பீட்டர்ஸ் என்ற நிர்வாக ஆலோசகர் ஓர் அமெரிக்க வணிக இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்போது லிங்க்ட்இன் இல்லை, அது 2003-ல் வந்தது. ஃபேஸ்புக் 2004, யூடியூப் 2005. ஆக, தேவை பழையது. அன்றைக்கு நம்மைப் பற்றிய பேச்சு தெரிந்தவர்கள் வட்டத்தோடு நின்றது. இன்றைக்கு அது எழுத்தாகவும் படமாகவும், யார் தேடினாலும் கிடைக்கிற மாதிரி வெளியே இருக்கிறது.

நான் மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்க்கிறவன். நோயாளிகளுக்கான விளக்கத் தாள்கள், ஒப்புதல் படிவங்கள், மருந்துக் குறிப்புகள். எனக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி, நான் முகம் பார்த்திராத ஒருவர் இன்னொருவரிடம் என் பெயரைச் சொன்னதால் வந்தது. அதனால் இங்கே எழுதுவதில் பலவும் நானே செய்து பார்த்தது.

படி 1: உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள்

ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, எந்தக் கணக்கிலும் உள்ளே நுழையாமல் உங்கள் பெயரைத் தேடுங்கள். அப்புறம் பெயரோடு தொழிலைச் சேர்த்து, பெயரோடு ஊரைச் சேர்த்து, பழைய மின்னஞ்சல் முகவரியை வைத்து. படங்கள் பகுதியையும் பாருங்கள். முதல் பக்கத்தில் வருவதை ஒரு தாளில் எழுதுங்கள்.

பலருக்கும் இந்தத் தேடலில் கிடைப்பது மூன்று வகை. எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்குகள். மற்றவர்கள் டேக் செய்த படங்கள். அதே பெயர் கொண்ட வேறொருவர். மறந்துபோன கணக்கை மூடும் முன் அதில் உள்ளதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் அதற்கு வசதி உண்டு. நீக்கிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் இருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்து வருகிறது. ஆனாலும் தேடினால் முதல் பக்கத்தில் வருவது மாறும், அதுவே பெரிய விஷயம்.

பெயர் ஒன்றாக இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு முடிவு எடுங்கள்: ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள், இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுப்பெயர் வேண்டுமா. முடிவு செய்த வடிவத்தை எல்லா இடத்திலும், மின்னஞ்சல் கையொப்பம் வரை, அப்படியே வையுங்கள். ஓர் இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி எழுதினால் தேடுபொறிக்கும் குழப்பம், தேடுகிற மனிதருக்கும் குழப்பம்.

படி 2: அந்த ஒரு வாக்கியம்

இதுதான் அடித்தளம், இங்கே அவசரம் வேண்டாம். பலர் நேராக லோகோ, நிறம், கேமரா என்று போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, நூறு பதிவு போட்ட பிறகும், "அவர் என்ன பண்றார்?" என்று கேட்டால் அவரைப் பின்தொடர்பவருக்கே சொல்லத் தெரிவதில்லை.

நான் ஒரு காலத்தில் பயோவில் இப்படி எழுதியிருந்தேன்: "மொழிபெயர்ப்பாளர், எழுத்தாளர், மொழி ஆர்வலர், தொடர்ந்து கற்பவர்." எதுவும் பொய் இல்லை. ஆனால் இதைப் படித்த யாரும் இன்னொருவரிடம் போய் எதையும் சொல்ல முடியாது. இப்போது இருப்பது: "மருத்துவமனைத் தாள்களை நோயாளிக்குப் புரிகிற தமிழில் தருகிறேன்." இதில் யாருக்காக என்பது இருக்கிறது, என்ன சிக்கல் என்பது இருக்கிறது, எப்படி என்பதும் இருக்கிறது. ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லலாம். உங்கள் வாக்கியத்தையும் அப்படிச் சோதியுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள், மறுநாள் அதை அவர் வாயால் கேளுங்கள். எந்தச் சொல் உதிர்ந்ததோ அது தேவையில்லாத சொல்.

அந்த வாக்கியத்தைத் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அனுபவம். உங்களோடு வேலை செய்த ஐந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என்னை யாருக்காவது சொல்ல வேண்டி வந்தால் என்னவென்று சொல்வீங்க?" பேசும்போது கேட்பதைவிட எழுதிக் கேட்பது நல்லது. யோசித்து எழுதுவார்கள், அவர்களுடைய சொற்களும் உங்கள் கையில் இருக்கும். என் வேகம்தான் என் பலம் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து பேரில் ஒருவர்கூட வேகத்தைச் சொல்லவில்லை. மூன்று பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: சந்தேகம் வந்தால் ஊகித்து எழுதாமல் கேட்டுவிடுகிறவர். மருத்துவ வேலையில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கே இரண்டு பயங்கள் வரும். ஒன்று, "ஒரே விஷயத்தைச் சொன்னால் அதிலேயே அடைபட்டுவிடுவேனே." அப்படி நடப்பதில்லை. மனிதர்கள் ஒரு வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள், வந்த பிறகு மற்ற அறைகளையும் பார்க்கிறார்கள். வாசலே தெரியாவிட்டால் வெளியிலேயே நின்று போய்விடுகிறார்கள். இரண்டு, "நான் இப்போதுதான் தொடங்குகிறேன், சொல்ல என்ன இருக்கிறது?" தொடங்குகிறேன் என்பதைச் சொல்லலாம். "தரவு ஆய்வு கற்கிறேன், வாரம் ஒரு பொதுத் தரவை எடுத்துப் பிரித்துப் பார்த்து எழுதுகிறேன்" என்பது முழு வாக்கியம். ஒரு வருடம் அப்படி எழுதியவரின் பக்கத்தைப் பார்த்தால், வேலை கொடுப்பவருக்குச் சான்றிதழைவிட அதிகம் தெரியும்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் கம்பெனி பெயரையும் பதவியையும் வாக்கியத்தின் நடுவில் வைக்காதீர்கள். பதவி மாறும். உங்களால் என்ன செய்ய முடியும் என்பது உங்களோடு வரும்.

படி 3: சொந்தமாக ஓர் இடம்

சமூக ஊடகத்தில் நாம் எல்லோரும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஆறு நொடி வீடியோக்களால் பலருக்குப் பெயர் வாங்கித் தந்த வைன் 2017 ஜனவரியோடு நின்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதே 2019-ல் மைஸ்பேஸ், சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் வீடியோக்களும் அழிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு வருட இசையை வேறெங்கும் வைத்துக்கொள்ளாத கலைஞர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கின. மூன்றையும் ஒரே நிறுவனம் நடத்துவதால், ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கையும் அன்று உதவவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்குங்கள். கிடைத்தால் .com, இல்லாவிட்டால் வேறு முடிவு. ஒரு டொமைனை அதிகபட்சம் பத்து வருடம் வரை முன்கூட்டியே பதிவு செய்யலாம். வருடம்தோறும் செய்வதாக இருந்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள், பதிவு செய்த மின்னஞ்சலை அவ்வப்போது பாருங்கள். அதில் ஒரே பக்கம் போதும்: அந்த வாக்கியம், செய்த வேலைகளில் மூன்று, தொடர்புகொள்ளும் வழி. உங்கள் நல்ல பதிவுகளின் முழு வடிவத்தையும் அங்கே சேமித்து வாருங்கள்.

கூடவே ஒரு மின்னஞ்சல் பட்டியல் தொடங்குங்கள். நாற்பது பேர் இருந்தாலும் பரவாயில்லை. அந்த நாற்பது பேருக்கும் நீங்கள் எழுதுவது அவர்கள் இன்பாக்ஸுக்குப் போகும், நடுவில் எந்த அல்காரிதமும் உட்கார்ந்து தீர்மானிக்காது.

படி 4: எந்தத் தளம்?

எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. முதல் வருடம் ஒரு தளம், அதிகபட்சம் இரண்டு. தேர்வுக்கு இரண்டே கேள்விகள்: உங்களைப் பரிந்துரைக்கக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எந்த வடிவத்தை ஒரு வருடம் சலிக்காமல் உங்களால் செய்ய முடியும்? எழுத வருகிறவர் ரீல்ஸ் எடுக்கத் தன்னை வருத்திக்கொண்டால் மூன்று மாதத்தில் நின்றுவிடும்.

நிறுவனங்களோடு வேலை என்றால் லிங்க்ட்இன். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் வேலை, அதாவது வடிவமைப்பு, ஒப்பனை, புகைப்படம் என்றால் இன்ஸ்டாகிராம், அல்லது படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் பிஹான்ஸ் தளம். விளக்கிச் சொல்ல வேண்டிய கலை என்றால் யூடியூப், ஏனென்றால் அங்கே மூன்று வருடத்துக்கு முன் போட்ட வீடியோவையும் இன்று ஒருவர் தேடி வந்து பார்ப்பார். நிரல் எழுதுபவர்களுக்கு, எழுதிய நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள பக்கமே பெரிய பயோ. ஆய்வாளர்கள் ஆர்சிட் என்ற 16 இலக்கத் தனி அடையாள எண்ணை எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதோடு இணைத்துவிடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கும் தொல்லை அதில் தீர்ந்துவிடும்.

பயன்படுத்தாத தளங்களிலும் உங்கள் பயனர் பெயரை எடுத்து வையுங்கள். ஒரு படம், ஒரு வரி, "என் வேலை இங்கே" என்று ஓர் இணைப்பு. அதோடு விட்டுவிடலாம்.

படி 5: முகப்பைச் சரிசெய்யுங்கள்

படம் முகம் தெரிகிற மாதிரி இருக்கட்டும். போனில் அது ஒரு சிறிய வட்டமாகத்தான் தெரியும். மலை உச்சியில் கைவிரித்து நிற்கும் படத்தில் உங்களை யாரும் அடையாளம் காண முடியாது. ஜன்னல் வெளிச்சம், வெற்றுச் சுவர், நெஞ்சுக்கு மேல், இது போதும். எல்லாத் தளத்திலும் ஒரே படத்தை வையுங்கள்.

லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்துக்குறிகள்தான் இடம், இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150. தமிழில் எழுதினால் இடம் இன்னும் சீக்கிரம் தீரும், ஏனென்றால் "கி" என்ற ஓர் எழுத்தைக் கணினி க-வும் இகரக் குறியும் என்று இரண்டாக எண்ணுகிறது. அதைவிட முக்கியம், நீங்கள் யாருக்காவது கமென்ட் எழுதும்போது உங்கள் பெயருக்குக் கீழே அந்த வரியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். ஆகவே "பத்தாண்டுகால அனுபவம் மிக்க, பல்துறை ஆர்வம் கொண்ட" என்று தொடங்கினால் விஷயம் வருவதற்குள் வரி வெட்டப்பட்டுவிடும். செய்கிற வேலையை முதலில் போடுங்கள்.

உங்கள் வேலையை நன்றாகக் காட்டும் ஒரு பதிவை, பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி, 'பின்' (pin) செய்து வையுங்கள். தொடர்புகொள்ள ஒரு வழி, ஒன்றே ஒன்று, தெளிவாகத் தெரியட்டும்.

படி 6: என்ன பதிவிடுவது?

பெரும்பாலோர் நின்றுபோகும் இடம் இது. "எனக்குச் சொல்ல எதுவும் இல்லை" என்பார்கள். எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து அப்படிச் சொல்வார்கள்! அன்று அவர்கள் எடுத்த முடிவுகளை எண்ணினாலே இருபது வரும். எதைச் செய்தீர்கள் என்பதைவிட, இரண்டு வழி இருந்தபோது ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும். திறமை அங்கேதான் வெளியே தெரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கிழிந்த பழைய புகைப்படங்களைக் கணினியில் சீரமைக்கிறார். முன்பு அவர் பக்கம் முழுக்க முன்னும் பின்னுமாக ஒட்டிய படங்கள். அழகாக இருக்கும், எல்லாம் ஒரே மாதிரியும் இருக்கும். ஒரு நாள் ஒரே படத்தைப் பற்றி நீளமாக எழுதினார். ஒரு பெண்ணின் படம், கரையான் அரித்ததில் இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணைத் திருப்பி ஒட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வாடிக்கையாளருக்கும் தெரியாது. ஆனால் யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லையே. குடும்பத்தினரிடம் வேறு படம் கேட்டு, மங்கலான ஒரு குழுப் படத்திலிருந்து அந்த இமையின் சரிவைப் பார்த்துப் பார்த்து வரைந்ததாக எழுதினார். கிடைக்காத பகுதியை எது வரை நிரப்பலாம், எங்கே வெறுமையாக விட வேண்டும் என்றும் சொன்னார். அதைப் படித்த பிறகு, என் வீட்டுப் படம் ஒன்று பாழானால் யாரிடம் கொடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஒரு பதிவை எப்படி எழுதுவது என்று கிட்டத்தில் பார்ப்போம். என்னுடையதையே எடுக்கிறேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மருத்துவ மொழிபெயர்ப்பில் துல்லியம் மிகவும் முக்கியமானது. ஒரு சிறு தவறுகூடப் பெரிய விளைவுகளை ஏற்படுத்தலாம்." இதை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் நினைவிலும் வைக்க மாட்டார்கள். அழித்துவிட்டு இப்படி மாற்றினேன்: "தினமும் ஒரு முறை சாப்பிடுங்கள் என்று எழுதிய மருந்துத் தாளை ஒருவர் தினமும் 11 முறை என்று வாசிக்கலாம்." அடுத்த வரியில் காரணம்: ஆங்கிலத்தில் "ஒரு முறை" என்று பொருள்தரும் "ஒன்ஸ்" என்ற சொல்லின் அதே நான்கு எழுத்துகள் ஸ்பானிஷ் மொழியில் 11 என்ற எண்ணைக் குறிக்கும். இரண்டு மொழியும் கலந்து அச்சிட்ட தாளில் அந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் தங்கிவிட்டால் ஆபத்து. அப்புறம் நான் என்ன செய்கிறேன் என்பது: மருந்தளவு வரும் இடங்களை மட்டும் தனியாக எடுத்து, கடைசியாக ஒருமுறை, வேறொருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். மொத்தம் ஒன்பது வரி.

அந்தப் பதிவுக்கு லைக் குறைவுதான். ஆனால் இரண்டு வாரம் கழித்து வந்த மின்னஞ்சல் ஒன்றில், "எங்கள் குழுவில் ஒருவர் இதை அனுப்பினார், அந்த வாசித்துக் கேட்கும் முறையை எங்களுக்கும் செய்து தர முடியுமா?" என்று இருந்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய நடைமுறைகள் சில. பெரும்பாலான தளங்கள் முதல் இரண்டு மூன்று வரியைக் காட்டிவிட்டு மீதியை மடக்கிவிடும், அதனால் வலுவான விவரம் முதல் வரியிலேயே வரட்டும். ஒரு பதிவில் ஒரே விஷயம். இரண்டாவது நல்ல யோசனை வந்தால் அது அடுத்த பதிவு. வீடியோ என்றால் வசனத்தை எழுத்தில் போடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் காது கேளாதவர்களும் உங்கள் வாசகர்கள்தான். படத்துக்கு மாற்று உரை எழுதுங்கள், அதாவது பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பு மென்பொருள் வாசித்துக் காட்டும் சிறு விளக்கம்.

போனில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் யாராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் உடனே அதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். நாமாக யோசித்துப் பிடிக்கும் தலைப்பைவிட, உண்மையில் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் வாசகர் இருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வழவழப்பான பொது அறிவுரை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே உங்கள் பெயரில் போட்டால், படிப்பவருக்கு உங்களைத் தேடி வர என்ன காரணம் இருக்கும்? எழுத்துப் பிழை பார்க்க, நீண்ட வீடியோவிலிருந்து வசனம் எடுக்க, தலைப்புக்கு மாற்று யோசிக்க அதைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அந்தக் கண் இமையின் சரிவு மட்டும் அதற்குத் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

படி 7: பேச்சில் கலந்துகொள்ளுங்கள்

பதிவு போட்டுவிட்டுப் போய்விடுகிறவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. தொடக்கத்தில், எழுதும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரத்தை மற்றவர்கள் பதிவில் செலவிடுங்கள் என்பேன். "அருமை", "சூப்பர்" என்று போடுவது வணக்கம் சொல்வது போல, தப்பில்லை. ஆனால் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு விவரத்தைச் சேர்த்து எழுதும் கமென்ட்டை, அந்தப் பதிவைப் படிக்கும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, தகவல் தந்தவர் பெரும்பாலும் எப்போதாவது மட்டும் சந்திக்கிற ஆளாக இருந்தார். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் நாம் போகாத இடங்களில் நடமாடுகிறார். 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் சோதித்து, மிதமான அறிமுகங்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின என்று காட்டியது. சமூக ஊடகம் நமக்குத் தரும் பெரிய வசதியே, இப்படிப்பட்ட அறிமுகங்கள் வாடாமல் பார்த்துக்கொள்ள முடிவதுதான். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு நல்ல வார்த்தை போதும்.

தெரியாதவருக்கு இன்பாக்ஸில் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள்: எதைப் படித்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் பரிந்துரையை எதிர்பார்க்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் மற்றவர்களையும் மனம் திறந்து பரிந்துரையுங்கள். உங்கள் துறையிலேயே உங்களைவிட நன்றாகச் செய்கிறவர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். என் வாழ்க்கையில் இதனால் எனக்கு ஒரு வேலையும் குறைந்ததில்லை.

படி 8: எவ்வளவு, எதை எண்ணுவது?

வாரம் ஒரு நல்ல பதிவு, தினமும் பதினைந்து நிமிடப் பேச்சு. இதை ஒரு வருடம் செய்ய முடியும் என்றால் இதுவே போதும். தினமும் மூன்று பதிவு என்று தொடங்கி ஒன்றரை மாதத்தில் களைத்துப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உடம்புக்கு முடியாத வாரம் விட்டுவிடுங்கள், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

லைக் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒரு தாளில் மாதம் நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள்: முன்பின் தெரியாதவர் எத்தனை பேர் கேள்வி கேட்டு எழுதினார்கள், எத்தனை பேர் பதிவைச் சேமித்தார்கள், எத்தனை பேர் "இன்னார் சொன்னார்" என்று வந்தார்கள், மின்னஞ்சல் பட்டியலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது எண்தான் எனக்கு உயிர். முதல் ஆறு மாதம் அது பூஜ்யமாக இருக்கலாம், மனசு விடாதீர்கள்.

படி 9: எல்லைகளும் பாதுகாப்பும்

வேலையைப் பற்றி எழுதும்போது அது இன்னொருவருடைய விஷயமும் ஆகும். வாடிக்கையாளரின் கோப்பு, சக ஊழியரின் தவறு, நோயாளியின் கதை எதுவாக இருந்தாலும் அனுமதி கேளுங்கள், அல்லது அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றுங்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. தேதி, இடம், அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு, சமூக ஊடக விதிகள் என்ன என்று படித்துப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டோ இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டோ ஒன்றைப் பாராட்டினால் அதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியான கடமை. சட்டம் இல்லாத இடத்திலும் வாசகருக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது.

குடும்பம், குழந்தைகள், வீடு ஆகியவற்றில் எதை வெளியே சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், பதிவு போடும் நேரத்தில் அல்ல. போனில் எடுத்த படத்தோடு எடுத்த இடத்தின் தகவலும் ஒட்டிக்கொண்டு போகலாம். கேமரா அமைப்பில் அதை அணைத்து வையுங்கள்.

கணக்குப் பறிபோவது வருடங்களின் உழைப்பு பறிபோவது. ஒவ்வொரு தளத்துக்கும் வேறு பாஸ்வேர்ட். இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் ஏற்பாடு, கட்டாயம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது, ஏனென்றால் உங்கள் எண்ணில் போலி சிம் எடுத்துவிட்டால் எஸ்எம்எஸ் அவர்கள் கைக்குப் போய்விடும். போன் தொலைந்தாலும் கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் சாவி உங்கள் மின்னஞ்சல், அதை முதலில் பூட்டுங்கள். "உங்கள் கணக்கு முடக்கப்படும், இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று வரும் செய்தியைத் தட்டவே தட்டாதீர்கள்.

தவறு செய்துவிட்டால்? ஒருமுறை மருந்துத் தாள்களின் சொற்களை விளக்கும்போது, விழுங்கக் கஷ்டமாக இருந்தால் மாத்திரையை உடைத்துக்கொள்ளலாம் என்பதற்கான சொற்றொடரை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தேன். மெல்ல மெல்ல மருந்தை விடும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும் என்று ஒரு செவிலியர் கமென்ட்டில் எழுதினார். படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. பதிவை நீக்கியிருந்தால், ஏற்கெனவே படித்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. அதனால் பதிவின் உச்சியில் "திருத்தம்" என்று போட்டு, என்ன தவறு, சரியானது என்ன, யார் சொன்னார் என்று எழுதினேன். புதிய பதிவாகவும் போட்டேன். அந்தச் செவிலியர் அதற்குப் பிறகு இரண்டு பேரை என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

வசைக்கு வருகிறவர்களைப் பொறுத்தவரை, கேள்வியாக இருந்தால் ஒருமுறை பதில், மறுபடியும் வசை என்றால் பிளாக். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

படி 10: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

காலண்டரில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். மீண்டும் இன்காக்னிட்டோ ஜன்னலில் பெயரைத் தேடி, முதல் தாளோடு ஒப்பிடுங்கள். இணைப்புகள் எல்லாம் திறக்கின்றனவா, பின் செய்த பதிவு பழையதாகிவிட்டதா, படத்தில் இருப்பது இன்னமும் நீங்கள்தானா என்று பாருங்கள். உங்கள் பெயருக்குக் கூகுள் அலர்ட் போட்டு வைத்தால், இடையில் யாராவது உங்களைப் பற்றி எழுதினாலும் மின்னஞ்சலில் தெரியவரும்.

அப்புறம், யாராவது புதியவர் "இன்னார் உங்களைச் சொன்னார்" என்று வரும்போதெல்லாம் தயங்காமல் கேளுங்கள்: "என்னைப் பற்றி என்ன சொன்னார்?" பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதி வைத்து, உங்கள் பயோவில் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பயோவை மாற்றுங்கள்.